ஊருக்கு உங்களைப் பிடிக்குமா?

"கோத்தகிரி போயிடலாமா, இல்லை குன்னூரா?"

சென்னையில் கொஞ்சம் வசதியாகச் சம்பாதிக்கிற யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 2020ல் கொரோனா வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரை எல்லாரும் வீட்டுக்குத் தூக்கிவந்தபோது பரவிய ஆசை இது. ஆபீஸ் திரும்பக் கூப்பிட்ட பிறகும் பலருக்கு ஆசை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போனால் போதும் என்கிறவர்கள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள், ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் எல்லாரும் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "காத்து சுத்தமா இருக்கு சார். காலையில எழுந்தா நடக்கலாம், மலை ஏறலாம், சைக்கிள் ஓட்டலாம். முக்கியமா இவனுக்காகத்தான்." இவன் என்பது ஏ.சி.க்கு நேர் கீழே, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருக்கும் நாய்.

எந்த ஊர் என்று முடிவு செய்ய ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். இன்டர்நெட் வேகம் எப்படி? நல்ல காபி எங்கே கிடைக்கும்? நாயை உள்ளே விடுகிற ஓட்டல் உண்டா? வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிப்பாரா? ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா? கோவை விமான நிலையம் எத்தனை மணி நேரம்?

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. அந்த ஊர் உங்களுக்குப் பிடிக்குமா என்று இவ்வளவு ஆராய்கிறீர்களே, அந்த ஊருக்கு உங்களைப் பிடிக்குமா?

கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போவது என்றால் என்ன அர்த்தம் என்று பேசுவதற்காக எழுதுகிறேன்.

*

ஆசையில் தப்பில்லை. சென்னையில் நாய் வளர்ப்பது நாய்க்கும் தண்டனை, வளர்ப்பவருக்கும் தண்டனை. மூன்றாவது மாடியில் 900 சதுர அடி ஃபிளாட். ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கு மேல் தார் ரோட்டில் நாயின் பாதம் வெந்துபோகும். நடைபாதையில் பைக் நிற்கும், பைக் இல்லாத இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். பூங்கா வாசலில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு. லிஃப்ட்டில் நாய் ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்ய குடியிருப்போர் சங்கத்தில் மூன்று பொதுக்குழு நடக்கும்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்குப் பிறகுதான் உரிமம், மைக்ரோசிப், அபராதம் என்று மாநகராட்சி விழித்துக்கொண்டது. குழந்தையைப் பூங்காவுக்கு அனுப்பும் தாய்க்கு நாயைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குவது இயல்புதான்.

ஆக, நெருக்கடி நிஜம். ஆனால் அதில் நம் பங்கு என்ன? சைபீரியாவின் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட ஹஸ்கியை வேளச்சேரிக்கு வாங்கி வந்தது யார்? ஹஸ்கி விண்ணப்பம் போட்டதா? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இதே வெயிலில் தலைமுறை தலைமுறையாக ஓடிய இனங்கள் நம்மிடமே இருக்கின்றன. தெருவில் பிறந்த குட்டிகள் எத்தனையோ இருக்கின்றன. அவையெல்லாம் போட்டோவுக்கு எடுக்கவில்லை. முதலில் ஊருக்குப் பொருந்தாத நாயை வாங்குகிறோம். அப்புறம் நாய்க்குப் பொருந்துகிற ஊரைத் தேடுகிறோம்.

இதே மனோபாவம் நம்மோடு மலைக்கும் ஏறுகிறது. பிரச்னையே அங்கேதான்.

*

நாயோடு நீலகிரிக்கு ஏறிய முதல் ஆள் நீங்கள் இல்லை. உங்களுக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஏறிவிட்டான்.

கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் கோத்தகிரி பக்கம் வந்தார். கீழே சமவெளியில் காய்ச்சலும் வெயிலும் தாங்காத கம்பெனிக்காரர்களுக்கு இந்த மலை சொர்க்கமாகத் தெரிந்தது. 1822ல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். பின்னாலேயே இங்கிலீஷ் காய்கறி, இங்கிலீஷ் பூ, கிளப், சர்ச் எல்லாம் வந்தன. வேட்டை நாய்களும் வந்தன. 'ஊட்டி ஹன்ட்' என்று ஒரு அமைப்பே வைத்து, ஊட்டிக்கு வெளியே இருந்த பரந்த புல்வெளியில் குதிரையில் ஏறி, நாய்க் கூட்டத்தை ஏவி, நரி வேட்டை ஆடினார்கள். இங்கிலாந்தில் பிடிக்கிற நரி இங்கே இல்லை. அதற்குப் பதில் நம்மூர்க் குள்ளநரி மாட்டிக்கொண்டது.

அந்தப் புல்வெளி யாருடையது? தோடர்கள் எருமை மேய்த்த இடம் அது. மேய்ச்சல் நிலமும், கோயிலும், நடைபாதையும் அங்கேதான் இருந்தன. வந்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் வெளி. 'சும்மா கிடக்கிற இடம்' என்று நினைத்துச் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். புல்வெளி சுருங்கியது. இன்று நாம் காரில் போகும்போது 'ஆஹா, என்ன காடு!' என்று வியக்கிற பல இடங்கள் அப்படி நடப்பட்டவைதான்.

பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். பார்வை மாறவே இல்லை என்பதால்தான். அவர்கள் உடம்புக்கு நல்லது என்று ஏறினார்கள். நாமும் அதையே சொல்லிக்கொண்டு ஏறுகிறோம். ஏற்கெனவே அங்கே வாழ்கிறவர்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. நம் கண்ணிலும் படவில்லை. நமக்குத் தெரிந்தது பள்ளத்தாக்கு தெரிகிற ஜன்னல் மட்டும்தான்.

*

இப்போது ஒரு கணக்கு.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011ல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க ஜனத்தொகை ஏறியபோது, குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான். பத்து வருடத்தில் 26 ஆயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது.

பையனும் பெண்ணும் படித்துவிட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்குகிறார்கள். ஏன் இறங்குகிறார்கள்? மலையில் வேலை என்றால் தேயிலை, காய்கறி, சுற்றுலா. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைப்பதில்லை என்பது அங்கே பல வருடப் புலம்பல். கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசாவது குறைந்தபட்ச விலை வேண்டும் என்று 2023 செப்டம்பரில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். நாம் ஒரு கப் டீக்கு ஓட்டலில் கொடுப்பதை விட அது குறைவாக இருக்கலாம்.

அரை ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு கடனில் தவிக்கிற அந்த விவசாயியிடம், சென்னையிலிருந்து ஒருவர் போய் "வியூ நல்லா இருக்கு, என்ன விலை சொல்றீங்க?" என்று கேட்கிறார். அவர் விற்கிறார். விற்காமல் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த விலை, பக்கத்து நிலத்துக்கும் விலை ஆகிவிடுகிறது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை, ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ் டிரைவர் இவர்களெல்லாம் அதே ஊரில் மூன்று சென்ட் வாங்கக் கனவுகூடக் காண முடியாது. வாடகையும் அப்படித்தான். மாதச் சம்பளத்தில் குடியிருந்தவரை எழுப்பிவிட்டு, அதே வீட்டை நாள் வாடகைக்கு ஹோம் ஸ்டே ஆக்கினால் வீட்டுக்காரருக்கு லாபம் அதிகம்.

ஒரு லாரி சாமான் மேலே ஏறும்போது, இன்னொரு லாரி கீழே இறங்குகிறது. மேலே ஏறுகிற லாரியில் நாய்க்கு மெத்தை இருக்கிறது.

*

"சரி சார், இயற்கையோட வாழணும்னு ஆசைப்படறது குத்தமா?"

குற்றமில்லை. ஆனால் இயற்கை என்ற சொல்லை நாம் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில் கோளாறு இருக்கிறது. காடு என்றால் நம் காலை நடைக்கான பெரிய பூங்கா என்று நினைக்கிறோம்.

காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தச் சட்டத்தைச் சும்மா போடவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. வழிகாட்டியோடு, பதிவு செய்து, போகலாம். உங்கள் லாப்ரடாரை அவிழ்த்துவிட்டு, நீங்கள் பின்னால் விசிலடித்துக்கொண்டு போகிற இடமில்லை அது.

அப்புறம் ஊருக்குள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை தெருவில் நடக்கும். கரடி வரும். சிறுத்தை வரும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. வாசலில் கட்டிப்போட்ட நாயை ராத்திரியில் சிறுத்தை தூக்கிக்கொண்டு போவது அங்கே அடிக்கடி கேள்விப்படுகிற செய்தி. கண்காணிப்பு கேமராவில் பதிவாகி டி.வி.யிலும் வரும். நீங்கள் நாய்க்காகப் போகிறீர்கள். சிறுத்தையும் அதே நாய்க்காகத்தான் வருகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் காட்டெருமையைப் பார்த்தால் குரைத்துக்கொண்டு துரத்தும். அது ஒருமுறை திரும்பி முறைத்தால் நாய் என்ன செய்யும்? நேராக எஜமானரிடம் ஓடி வரும். பின்னாலேயே ஒரு டன் எடையுள்ள மிருகமும் வரும். நீங்கள் தப்பித்தாலும், பக்கத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருக்கும் பெண் தப்பிப்பாளா?

நாயிடமிருந்து காட்டுக்கு ஆபத்தும் உண்டு. 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. இறந்தவற்றில் 'கேனைன் டிஸ்டெம்பர்' வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நாய்களிடம் பரவலாக இருக்கும் வைரஸ் அது. நீலகிரியில் சிங்கம் இல்லை. புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. உங்கள் செல்லம் கடைசியாக எப்போது டிஸ்டெம்பர் ஊசி போட்டுக்கொண்டது? தேதி ஞாபகம் இருக்கிறதா?

வெறிநாய்க்கடிக்கும் இந்த மலைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1902ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியா முழுக்க நாய்க்கடிக்கு ஊசி மருந்து தயாரித்துக் கொடுத்த ஊர் அது. அந்த ஊருக்கு, தடுப்பூசி அட்டை இல்லாத நாயோடு போய் இறங்குவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

*

சுற்றுலாவுக்கு நாம் போவது மே மாதம். ரோஜா பூத்திருக்கும், வானம் நீலமாக இருக்கும். அந்த மயக்கத்தில்தான் பல பேர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மலையின் மற்ற மாதங்களையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி சரிந்தது. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மண்சரிவில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னையில் பல மாதம் சேர்ந்து பெய்கிற மழை அது. 2024 ஜூலை 30 அதிகாலை, நீலகிரிக்குப் பக்கத்து மாவட்டமான வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் தூக்கத்திலேயே புதைந்தன. 200க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் சரிவை வெட்டுவது மழை இல்லை, பொக்லைன். கார் நிறுத்த இடம், புல்தரை, நாய் ஓட ஒரு சமதளம் என்று மலையைப் படிக்கட்டாக வெட்டுகிறோம். தண்ணீர் இறங்கிய பழைய ஓடையை மூடிவிட்டு மேலே தடுப்புச் சுவர் எழுப்புகிறோம். அந்தச் சுவர் விழும்போது நம் வீட்டின் மேல் விழாது. கீழே இருக்கிற லைன் வீட்டின் மேல் விழும். மலைப் பகுதிகளில் கட்டடம் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1993லேயே விதி வந்துவிட்டது. விதியை எப்படி வளைப்பது என்று சொல்லித்தர ஆட்களும் வந்துவிட்டார்கள்.

இன்னொரு பாடம், மசினகுடி. காட்டோரம் அழகாக இருக்கிறது என்று ரிசார்ட்டும் பண்ணை வீடும் கட்டிய இடம் யானை நடக்கிற பாதை. 2018ல் உச்ச நீதிமன்ற உத்தரவில் பல ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் யானைகள் வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். யானை பத்திரம் படிக்காது.

தண்ணீரையும் கேளுங்கள். மழை கொட்டுகிற மலையில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பவர்கள், குன்னூரில் வருடக்கணக்காகக் குடியிருப்பவர்களிடம் கோடையைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம். ரேலியா அணையில் நீர்மட்டம் எவ்வளவு என்பது அங்கே வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. காசு இருக்கிறவர்கள் போர் போடலாம், லாரித் தண்ணீர் வாங்கலாம். இல்லாதவர்கள் குடத்தோடு நிற்பார்கள்.

ஆஸ்பத்திரி? ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில்தான் திறந்தது. 700 படுக்கை. நல்ல விஷயம். அதற்கு முன்னால் நெஞ்சுவலி என்றால் மலைப்பாதையில் இறங்கிக் கோவைக்கு ஓட வேண்டியிருந்தது. பெரிய சிகிச்சைகளுக்கு இன்றும் பலர் இறங்கத்தான் செய்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். மழை ராத்திரியில் மரம் விழுந்தால் அந்த 33 எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டால்? ஊரில் இருக்கிற மாட்டாஸ்பத்திரி டாக்டர் பசு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருப்பார். அவருக்கு அதுதான் முதல் வேலை. அதில் கோபப்பட நமக்கு உரிமையில்லை.

*

"நாங்க வந்தா ஊருக்கு நாலு காசு வரும்தானே? கடைக்காரனுக்கு வியாபாரம், வீட்டு வேலைக்கு ஆள்..."

நாலு காசு வரும். வரட்டும். ஆனால் காசு கொடுப்பவர் வாடிக்கையாளர். அவர் ஊர்க்காரர் ஆகிவிட முடியாது. இந்த வித்தியாசம் புரிய இ-பாஸ் கதையைப் பாருங்கள்.

வாடிக்கையாளர்கள் தாங்க முடியாத அளவுக்கு வந்ததால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனுக்கு எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் தினம் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு.

அந்த விலக்கு முக்கியமானது. ஊரில் வீடு வாங்கியதும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது, அந்த விலக்கு தனக்குக் கிடைக்குமா என்றுதான். உள்ளூர்க்காரருக்கு இருக்கிற சலுகை வேண்டும். உள்ளூர்க்காரருக்கு இருக்கிற கஷ்டம் வேண்டாம். அவர் நிற்கிற வரிசையில் நிற்க மாட்டோம், அவர் பிள்ளை படிக்கிற பள்ளியில் நம் பிள்ளை படிக்காது, அவர் போடுகிற உள்ளாட்சி ஓட்டு நம்முடையது சென்னையிலேயே இருக்கும். குளிர் அதிகமானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

நாய் என்ன ஆகும்? "வாட்ச்மேன் பார்த்துப்பார்." வாட்ச்மேனும் வேலையை விட்டுப் போனால்? மெத்தையில் வளர்ந்த நாய் தெருவுக்கு வரும். தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் அதைக் கடிக்கும். சிறுத்தை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த நாய்க்காகத்தான் மலைக்கே வந்தோம் என்பது அதற்குள் மறந்திருக்கும்.

*

இவ்வளவுக்குப் பிறகும் போக ஆசை இருக்கிறதா? நல்லது. அப்படியானால் உங்களிடம் ஏதோ நிஜமான ஆசை இருக்கிறது. இந்த எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

1. அந்த ஊரின் மோசமான மாதத்தில் போய் இருந்திருக்கிறீர்களா? கோத்தகிரி, கொடைக்கானல் என்றால் நவம்பர். ஊட்டியின் மேற்குப் பக்கம், கூடலூர் என்றால் ஜூலை. துணி காயாது, கரண்ட் இருக்காது, சுவரில் பூஞ்சை பிடிக்கும். அப்போதும் பிடித்திருக்கிறதா?

2. வாங்காமல், கட்டாமல், முழுதாக ஒரு வருடம் வாடகைக்கு இருக்கத் தயாரா? ஏற்கெனவே கட்டிய வீடு ஒன்றில் குடியேறினால் மலை இன்னொரு வெட்டு வாங்காமல் தப்பிக்கும்.

3. வருடத்தில் எத்தனை நாள் அந்த வீட்டில் விளக்கு எரியும்? 300க்குக் கீழே என்றால் நீங்கள் குடியேறவில்லை, பூட்டுப் போட ஒரு வீடு வாங்குகிறீர்கள்.

4. உங்கள் ஓட்டை அந்த ஊருக்கு மாற்றுவீர்களா? படிவம் 8, அவ்வளவுதான். தண்ணீர் வரவில்லை என்றால் லாரிக்குப் போன் போடுவீர்களா, கவுன்சிலரிடம் மற்றவர்களோடு போய் நிற்பீர்களா?

5. நாய்க்கு ரேபிஸ், டிஸ்டெம்பர் ஊசி போட்டாயிற்றா? கருத்தடை? ராத்திரி வீட்டுக்குள் படுக்குமா? வெளியே போகும்போது ஒவ்வொரு தடவையும் செயின் பிடிப்பீர்களா? "எங்க டாமி ஒண்ணும் பண்ண மாட்டான்" என்பது பதில் ஆகாது. எல்லா டாமியும் அப்படித்தான்.

6. உங்கள் தெருவில் இருக்கும் பத்துப் பேரின் பெயர் ஆறு மாதத்தில் தெரிந்திருக்குமா? வீட்டு வேலை செய்பவர், தோட்டக்காரர் தவிர்த்து.

7. உங்களுக்குத் தெரிந்த தொழிலில் அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது ஏதாவது கற்றுத்தர முடியுமா? அவர்கள் இறங்காமல் இருக்க ஒரு காரணம் கொடுக்க முடியுமா?

8. நாளைக்கு நாய் இல்லாமல் போனாலும், அந்த ஊரில் இருப்பீர்களா?

ஐந்துக்காவது மனசாட்சியோடு 'ஆமாம்' என்று எழுத முடிந்தால் கிளம்புங்கள். ஊருக்கு உங்களைப் பிடிக்கும். குறைந்துகொண்டே போன ஒரு மாவட்டத்துக்கு ஒழுங்காக வாழ வருகிற ஒரு குடும்பம் வரவுதான்.

*

எழுத முடியவில்லையா? அதிலும் அவமானம் ஒன்றுமில்லை. சென்னையிலேயே இருங்கள். ஆனால் சும்மா இருக்காதீர்கள்.

இந்த ஊருக்கு என்ன குறைச்சல்? நகரத்துக்கு நடுவிலேயே கிண்டியில் தேசியப் பூங்கா இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. கிலோமீட்டர் கணக்கில் கடற்கரை இருக்கிறது. நடக்க நடைபாதையும், பூங்காவில் நாய்க்கென்று வேலி போட்ட ஒரு மூலையும், வார்டுக்கு ஒரு நாய்க் கருத்தடை ஏற்பாடும்தான் இல்லை. இவற்றில் எது நடக்காத காரியம்?

நாய் விஷயத்தில் சென்னை ஒரு காலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது. தெருநாயைப் பிடித்துக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து ஊசி போட்டு விடலாம் என்ற யோசனையை 1959ல் இங்கே தொடங்கிய புளூ கிராஸ் 1960களிலேயே கையில் எடுத்தது. கேலி செய்தார்கள். விடாமல் கேட்டார்கள். 1996ல் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. மலைக்கு ஓடிப் போயிருந்தால் அது நடந்திருக்காது.

படித்தவர்கள், சம்பாதிப்பவர்கள், அதிகாரியிடம் இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு ஊரை விட்டுக் கிளம்பினால், அந்த ஊரின் நடைபாதைக்காக யார் சண்டை போடுவார்கள்? வயதானவர்களும், தள்ளுவண்டி வைத்திருப்பவர்களும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அதே ரோட்டில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு மலைக்குப் போகிற வசதி இல்லை. உங்கள் நாய் நடக்க ஒரு நல்ல நடைபாதை வந்தால், அவர்களும் அதில் நடப்பார்கள்.

மலைக்குப் போனாலும் சரி, இங்கேயே இருந்தாலும் சரி, ஏதாவது ஒரு ஊரை முழுசாக உங்கள் ஊர் ஆக்கிக்கொள்ளுங்கள். நாய்க்கு அது புரியும். தன் தெருவுக்காகக் குரைக்காத நாயை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?